இலவச வக்கீல் வேண்டுமா? மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏழை மக்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தாருக்கு ஒரு குறிப்பு. இலவச சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் உதவி கேட்கும்போது மனுவை டிரஸ்ட் பெயரில் எழுதாமல், பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே எழுதுங்கள். நீங்கள் கூடப் போய் உதவினால் போதும்.

காரணம், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஆளைப் பார்த்துத்தான் உரிமை தருகிறது, அமைப்பைப் பார்த்து அல்ல. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. அஞ்செட்டி மலையில் இருக்கும் இருளர் பெண்ணிடம் வருமானச் சான்று கேட்டு அலையவிட வேண்டியதில்லை, ஒரு நாள் கூலியாவது மிஞ்சும். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் சாதாரணமாகப் பிரமாணப் பத்திரம் போதும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. இதை மனு எழுதும்போதே எடுத்துச் சொல்லுங்கள், பலருக்கு இது தெரிவதில்லை. வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் நகல் எடுக்கும் செலவும் இதில் அடங்கும்.

மாவட்டத் தலைநகர் வரை போகவும் வேண்டாம். அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மாதிரி ஊர்களில் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

டிரஸ்ட் பத்திரத் திருத்தம், வருமான வரி விலக்குக்கான பதிவு, அலுவலக வாடகைத் தகராறு போன்ற நிறுவனத்தின் சொந்த வேலைகளுக்கு இது உதவாது. அதற்குக் கட்டணம் வாங்காமல் செய்து தரும் வக்கீலைத் தனியாகத்தான் தேட வேண்டும்.