நாயைப் பழக்கும் முறை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது அதைப் பழக்க ஒருவர் வந்தார். இரண்டே வாரத்தில் இழுக்காமல் நடந்தது, கேட்டில் யார் வந்தாலும் குரைக்காமல் நின்றது. தெருவுக்கே ஆச்சரியம். நானும் அவரையே ஏற்பாடு செய்தேன். மூன்றாம் நாள் மாலை, அவர் பைக் பெட்டியைத் திறந்து, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினை வெளியே எடுத்தார். இரும்பு வளையங்கள் உரசிய சத்தம்தான் கேட்டது. என் நாய் வாலைக் கால்களுக்கு நடுவில் ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். ஆனால் அதன் பிறகு பல மாதங்களுக்கு, வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தால்கூட அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை வைத்து முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் செய்த தவறு. பயந்த நாய் சீக்கிரம் அடங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு அது நன்றாகப் பழகிய நாயாகத் தெரியும். புது ஆளைக் கண்டால் வரும் பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். அதை வெளியே காட்டினால் கழுத்து இறுகும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கும். உறுமுவது 'கிட்டே வராதே' என்று நாய் கொடுக்கும் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் சுண்டி இழுத்து அந்தப் பழக்கத்தை அழித்துவிட்டால், எச்சரிக்கை இல்லாத கடி மிஞ்சும். அந்த லாப்ரடார் ஆறு மாதம் கழித்து சிலிண்டர் போட வந்தவரின் கையைக் கடித்தது. "ஒரு சத்தமும் இல்லாம கடிச்சிடுச்சு சார்" என்று வீட்டுக்காரர் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார்.

அடுத்தது, 'நாம்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்' என்ற நம்பிக்கை. மல்லாக்கப் போட்டு அமுக்கு, நீ சாப்பிட்ட பிறகு சோறு வை, வாசலில் நீ முன்னால் போ என்பார்கள். இதற்கு மூலம், ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் உயிரியல் பூங்கா ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியது. உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் சண்டை வரத்தான் செய்யும். 'ஆல்ஃபா', அதாவது சண்டையிட்டு அடக்கி ஆளும் தலைவன் என்ற எண்ணத்தைத் தன் 1970 புத்தகத்தால் பரப்பிய அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களை நேரில் பல ஆண்டுகள் கவனித்தபின் 1999-ல் தானே அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம். மூலமே திருத்தப்பட்டுவிட்டது, நம் ஊர் ட்ரெயினர்கள் சிலர் இன்னும் குட்டிகளை மல்லாக்கப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் அதிகம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்போம். அதனால் 'மிலிட்டரி ட்ரெயினிங்' என்றால் மறுபேச்சில்லாத மரியாதை. அந்தக் கண்டிப்பான பாணி, ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய கையேட்டின் காலத்தது. இன்று வெடிகுண்டு மோப்ப நாய்க்குக்கூட, மோப்பம் பிடித்ததும் பந்து கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் விலங்கு நடத்தையில் தேர்ந்த கால்நடை மருத்துவர்களின் சங்கம், எல்லா நாய்க்கும் வெகுமதி வழியே போதும் என்று 2021-ல் அறிவித்தது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி நாயை அடிப்பதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம்.

'தீனி கொடுத்துப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை' என்பவர்களும் உண்டு. அவர்கள் செய்ததைக் கேட்டால் பெரும்பாலும் கோளாறு நேரத்தில் இருக்கும். நாய் உட்கார்ந்த ஒன்றிரண்டு நொடிக்குள் துண்டு வாய்க்குப் போக வேண்டும். நாம் பையைத் துழாவி எடுப்பதற்குள் அது எழுந்து மேலே தாவியிருக்கும். தாவியதற்குத்தான் கூலி கிடைத்தது என்று அது புரிந்துகொள்ளும். இன்னொன்று, துண்டைக் காட்டிக் காட்டியே அழைப்பது. அப்படிப் பழகிய நாய், கையில் ஒன்றும் இல்லையென்றால் திரும்பிப் பார்க்காது. முதல் சில தடவைக்குப் பிறகு தீனி பாக்கெட்டிலோ அலமாரியிலோ இருக்கட்டும். செய்து முடித்த பிறகு வெளியே வரட்டும். துண்டு கொண்டைக்கடலையில் பாதி இருந்தால் போதும். வேகவைத்த கோழி, முட்டை, பனீர், கேரட் எல்லாம் ஆகும். பிரியாணியில் மிஞ்சியதைப் போடாதீர்கள். வெங்காயம் நாய்க்கு நஞ்சு, வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். உலர்திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது.

வீட்டில் ஆளுக்கொரு சொல் சொல்வதும் நாயைக் குழப்பும். எங்கள் வீட்டில் அம்மா 'ஒக்காரு' என்பார், மகள் 'சிட்' என்பாள், நான் கையை நீட்டி 'ஏய்' என்பேன். பாவம், அது எதைக் கேட்கும்? ஒக்காரு, வா, இரு என்று மூன்று சொற்களை ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. 'வா' என்று கூப்பிட்டுவிட்டுத் திட்டவோ, குளிப்பாட்டவோ, ஊசி போடவோ செய்யாதீர்கள். அந்தச் சொல்லை ஒருமுறை கெடுத்தால் மீட்பது கஷ்டம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஓடுகிற பூனையைக் கண்டால் அவற்றுக்கு உங்கள் குரல் காதில் விழாது. லாப்ரடாருக்கு ஒரு வாரத்தில் வந்தது இவற்றுக்கு ஒரு மாதம் ஆனால், முறை தோற்றது என்று முடிவு கட்டக் கூடாது. மூக்கு சப்பையான பக் நாய்க்குக் கழுத்தில் எதையும் இறுக்கவே கூடாது; மார்போடு போடும் பெல்ட்தான் சரி. திடீரென்று சொல் கேட்காமல் போன நாயை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், காதில் சீழ் இருக்கலாம்.

வேலூர் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, காலை பத்து மணிக்கு வந்து பழக்கும் ட்ரெயினரை ஒப்புக்கொள்ளாதீர்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. மூச்சிரைத்துப் படுத்துவிடுவதைப் 'பிடிவாதம்' என்று அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விடிகாலையில் ஐந்து நிமிடம், பொழுது சாய்ந்த பிறகு ஐந்து நிமிடம் போதும்.

ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருப்பதும் தவறு. மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை குட்டி பார்ப்பதெல்லாம் மனதில் பதியும் காலம். தடுப்பூசி முடியவில்லையா, தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்: ஆட்டோ, தொப்பி போட்டவர், தாடிக்காரர், தூரத்தில் கேட்கும் பறையோசை. மாசியில் மயானக் கொள்ளை ஊர்வலம் பாலாற்றுக்குப் போகும்போது மேளத்துக்கு மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்களில் பல, குட்டியில் எதையும் கேட்காமல் வளர்ந்தவை.

ட்ரெயினரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சரியாகச் செய்தால் நாய்க்கு என்ன கிடைக்கும்? தவறினால் என்ன செய்வீர்கள்? நான் பக்கத்திலேயே இருக்கலாமா? 'ஓனர் இருந்தால் நாய் கெட்டுப்போகும்' என்றோ, 'ஒரு மாதம் விட்டுவிடுங்கள், கேரண்டி' என்றோ பதில் வந்தால் அனுப்பிவிடுங்கள். அங்கே அவருக்குக் கட்டுப்பட்ட நாய், உங்கள் வீட்டில் உங்களுக்குக் கட்டுப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

என் நாயின் சாவிக்கொத்து பயத்தைப் போக்க அடியோ அதட்டலோ தேவைப்படவில்லை. மகள் அடுத்த அறையில் துணிக்குள் சுற்றிச் சாவியை மெல்ல அசைப்பாள். இங்கே நான் உடனே ஒரு கோழித் துண்டு கொடுப்பேன். தினமும் பத்து தடவை. அது காதை மடக்காமல் சாப்பிட்டால்தான் மறுநாள் ஓர் அடி நெருங்கி வருவாள். கூடத்துக்கு வர ஏழு வாரம் ஆனது. இப்போது சாவியை எடுத்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் நிற்கிறது.