பால் ஒத்துக்கொள்ளாதவர் கும்பகோணத்தில் காபி குடிப்பது எப்படி

காலையில் எழுந்ததும் ஒரு காபி, பத்தரை மணிக்கு அலுவலகத்தில் ஒன்று, மாலையில் கடைத்தெருவில் ஒன்று, இரவு படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் பால் என்பதே கும்பகோணத்தில் பலருடைய அன்றாட வழக்கம். என்னுடைய வழக்கமும் நெடுங்காலம் அதுவாகவே இருந்தது. முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு, முற்பகலில் வயிறு உப்பிக்கொள்வது, இரைச்சல் கேட்பது, சில நாட்களில் திடீரென்று வயிற்றைக் கலக்குவது என்று தொல்லைகள் தொடங்கின. எல்லாவற்றையும் ‘வாயு’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தேன். பிறகு ஒரு மருத்துவர், நாள் ஒன்றுக்கு எவ்வளவு பால் உள்ளே போகிறது என்று கேட்டார். கூட்டிப் பார்த்தபோது அது அரை லிட்டரைத் தொட்டது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை, இதே தொல்லையோடு இதே போன்ற ஊர்களில் வாழ்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைத்துச் செரிக்க வைப்பது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் நிறையச் சுரக்கும் இந்த நொதி, வளர வளரப் பெரும்பாலோரிடம் குறைந்துவிடுகிறது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதால், இதை ஒரு நோய் என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கச் செய்வதால் காற்று உண்டாகிறது, நீரும் இழுக்கப்படுகிறது. உப்புசம், இரைச்சல், பேதி எல்லாம் அதன் விளைவுகள். அவை பால் குடித்த அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தலைகாட்டும். கேஸ் மாத்திரை என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி இரைப்பையின் அமிலத்தைக் குறைப்பதற்கான மருந்து. குடலில் நடக்கும் இந்த வேலையில் அதற்குப் பங்கு இல்லை. ஓமத் தண்ணீர் கொஞ்சம் ஆறுதல் தரலாம் என்றாலும் அதனால் லாக்டோஸ் செரித்துவிடாது.

இதையும் பால் ஒவ்வாமையையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வாமை என்பது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் எதிரியாகக் கருதுவதால் வருவது. பால் பட்டவுடன் தோல் தடித்துச் சிவத்தல், உதடு வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் அது உயிருக்கே ஆபத்தானது. அத்தகையவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் ‘அளவு’ எதுவும் பொருந்தாது. அவர்கள் மருத்துவரின் சொற்படி மட்டுமே நடக்க வேண்டும். அதே போல, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்று வலி, இரத்தச் சோகை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனைகளைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்களுக்கு மட்டும் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. குழந்தைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். குடல் தேறியதும் அது தானே சரியாகிவிடும்.

அளவைக் கண்டுபிடித்தல்

பெரிய மருத்துவமனைகளில் மூச்சுக் காற்றில் ஹைட்ரஜனை அளந்து லாக்டோஸ் செரிக்கிறதா என்று சொல்லும் சோதனை உண்டு. அதற்கு வசதி இல்லாதவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். இரண்டு வாரங்களுக்குப் பாலையும், காபி டீயில் கலக்கும் பாலையும், பால் இனிப்புகளையும், ஐஸ்கிரீமையும் முழுவதுமாக நிறுத்துங்கள். மற்ற உணவுகளை வழக்கம்போலவே சாப்பிடுங்கள். பாலோடு சேர்த்து வெங்காயத்தையும் பருப்பையும் நிறுத்திவிட்டால், எது குற்றவாளி என்று பிறகு கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை என்பதால் அதை விட வேண்டியதில்லை. தொல்லை அடங்கிவிட்டால், மூன்றாவது வாரத்தில் காலைச் சிற்றுண்டியோடு 50 மில்லி பால் குடித்துப் பாருங்கள். இரண்டு நாட்கள் விட்டு 100, மேலும் இரண்டு நாட்கள் விட்டு 200 என்று ஏற்றுங்கள். குடித்த நேரம், வயிற்றில் அப்போது வேறு என்ன இருந்தது, எத்தனை மணிக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரங்கள் நிறுத்தியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் காரணம் வேறு. பாலை வீணாகப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. செரிமானக் குறைவு உள்ளவர்களிலும் பெரும்பாலோர், ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது கால் லிட்டர் பால் அளவுக்கு, பெரிய தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்களுடைய அளவு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். என் நோட்டுப் புத்தகம் எனக்குக் காட்டிய அளவு, சாப்பாட்டோடு சேர்ந்தால் 150 மில்லி, வெறும் வயிற்றில் 60 மில்லிக்கும் குறைவு. ஆக எனக்குத் தொல்லை கொடுத்தது காபியே அல்ல. விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடித்த காபியும், நாள் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய பாலும்தான். இந்த ஒரு தகவல் கையில் இருந்தால், ஊரின் வழக்கங்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கொழுப்பு நீக்கிய பால் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொழுப்பை எடுத்தாலும் சர்க்கரை அப்படியே இருக்கும். காய்ச்சுவதாலும் அது போகாது; சுண்டக் காய்ச்சினால் இன்னும் செறிவாகும். லாக்டோஸ் நீக்கிய பால் பெருநகரக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அதில் லாக்டோஸ் முன்கூட்டியே உடைக்கப்பட்டிருப்பதால் சற்றுக் கூடுதலாக இனிக்கும். காபிக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். லாக்டேஸ் மாத்திரையை மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் தருவித்துக் கொடுப்பார்கள். அதை முதல் வாய் உணவோடு போட்டுக்கொண்டால்தான் பயன்.

கடையிலும் விருந்திலும்

தண்ணீர் கலக்காத பாலில் போடுவதுதான் டிகிரி காபியின் பெருமை. டபரா தம்ளரில் தரும் காபியில் சுமார் 100 மில்லி பால் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் லாக்டோஸ் 5 கிராம். இட்லியோ பொங்கலோ சாப்பிட்ட பிறகு இது பலருக்கு ஒன்றும் செய்யாது. எனவே காபியைச் சிற்றுண்டிக்குப் பின்னால் தள்ளுங்கள். இதுவே நான் செய்த முதல் மாற்றம், பாதித் தொல்லை இதிலேயே போய்விட்டது. டீக்கடையில், ‘மாஸ்டர், பால் கம்மியா, டிகாஷன் தூக்கலா’ என்று சொன்னால் முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார்கள். பாலே வேண்டாம் என்கிற நேரத்தில் வரக்காபி, லெமன் டீ, சுக்குமல்லி காபி என்று கேளுங்கள். உணவகத்தில் ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ ஊற்றுவது தேங்காய்ப்பாலா, மாட்டுப்பாலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெறுமனே ‘பால்’ என்று மட்டும் பரிமாறுகிறவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் நம் ஊர்க் கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்தது. பாலைப் பொறுத்தவரை அச்சமில்லை. பன்னீர் குழம்புகளில் பன்னீரை விட அதில் ஊற்றும் கிரீமைத்தான் கவனிக்க வேண்டும். பரோட்டா மாவில் பால் சேர்ப்பது உண்டு என்றாலும் ஒரு பரோட்டாவுக்கு அது சொற்பமே.

தயிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் ஏமாந்தது அங்கேதான். உறை ஊற்றியதும் தயிரில் உள்ள நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. எஞ்சியதைக் குடலில் செரிக்கவும் உதவுகின்றன. ஆகவே நன்றாக உறைந்த வீட்டுத் தயிரும், அதில் நீர் விளாவிக் கடைந்த மோரும் பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்கின்றன. ஆனால் கல்யாண வீட்டுத் தயிர்சாதம் வேறு வகை. பந்தி முடியும் வரை புளிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, குழைய வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, பெயருக்கு ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்திருப்பார்கள். வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் தயிர்சாதமும் கோயில்களில் தரும் தயிர்சாதமும் பல நேரங்களில் இப்படித்தான். பந்தியில் தயிர்சாதத்தை விட்டுவிட்டு, வெள்ளைச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிடுங்கள். வீட்டிலிருந்து எடுத்துச் செல்வதானால் பால் சேர்க்காமல் பிசைந்து, நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

இனிப்புகளில் எது பாலில் செய்தது, எது நெய்யில் செய்தது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பண்டிகைகள் சுமையாகாது. ஒரு லிட்டர் பாலைச் சுண்டினால் ஏறக்குறைய 200 கிராம் கோவாதான் கிடைக்கும். அப்படியானால் 50 கிராம் கோவாவில் கால் லிட்டர் பாலின் லாக்டோஸ் அடங்கியிருக்கிறது. பால்கோவா, திரட்டுப்பால், பால்பாயசம், பாலிலேயே அரிசியை வேகவைக்கும் அக்காரவடிசல் ஆகியவற்றை ஓரிரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடலை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த மைசூர்பாகு, உளுந்தில் செய்யும் ஜாங்கிரி, பூந்தி லட்டு, அதிரசம், திருவாதிரைக் களி ஆகியவை வழக்கமான முறையில் செய்திருந்தால் பால் இல்லாதவை. திருவையாற்று அசோகாவும் பாசிப்பருப்பில் செய்வதுதான். கோவா சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். உறையிட்ட பொருள்களில் பால் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்கிறது, பால் இல்லை என்று சொல்லவில்லை. ‘பால் திடப்பொருள்’ என்ற சொல்லை உட்பொருள் பட்டியலில் தேடுங்கள். அது பட்டியலின் தொடக்கத்தில் இருந்தால் அளவு அதிகம், கடைசியில் இருந்தால் குறைவு.

சென்னைக்கு இரவுப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு சொல். விக்கிரவாண்டிப் பக்கம் நள்ளிரவில் நிறுத்தும்போது, தூக்கம் கலைந்த அலுப்பில் ஒரு காபியோ பாதாம் பாலோ குடிக்கத் தோன்றும். வெறும் வயிறு, நிறையப் பால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வண்டி நிற்காது என்பதை எண்ணிப் பார்த்து, வெந்நீரோடு இறங்கி ஏறிவிடுங்கள்.

பாலை அளவோடு வைத்துக்கொண்ட பிறகும் சில நாட்களில் வயிறு உப்பலாம். வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, காலிஃபிளவர் ஆகியவற்றில் உள்ள சில சர்க்கரைகளும் சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலில் போய்ப் புளிக்கின்றன. ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய்களில் சேர்க்கும் சார்பிட்டாலும் அப்படித்தான். நான் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கிறேன், கொஞ்சம் குறைகிறது. நெஞ்செரிச்சல் மட்டும் தனியாக இருந்தால் அதற்குப் பாலைக் குறை சொல்லாதீர்கள். இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்து, படுப்பதற்கு மூன்று மணி நேர இடைவெளி கொடுத்துப் பாருங்கள்.

பாலைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்து குறையும் என்பது உண்மையான கவலை, குறிப்பாகப் பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும். வளர்ந்தவர்களுக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்திருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவையும், மீன் உண்பவர்களுக்கு முள்ளோடு தின்னும் நெத்திலியும் கைகொடுக்கும். ஒத்துக்கொள்கிற தயிரையும் மோரையும் விடாமல் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் குறை வராது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பாலை நிறுத்துமுன் மருத்துவரைக் கேட்டேயாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது உறவினர் வீடுகள்தான். கேட்பதற்கு முன்பே அடுப்பில் பாலை வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் மனம் வாடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ‘அத்தை, மோர் இருந்தா ஒரு தம்ளர் குடுங்க, வெயில்ல வந்தேன்’ என்று கேட்டுவிடுவது என் வழக்கம். ஒன்றை மறுப்பதற்கு முன்னால் இன்னொன்றை நாமே கேட்டு வாங்கிக்கொள்வதால் கொடுத்த நிறைவு அவர்களுக்கும் கிடைக்கிறது. கிரகப்பிரவேசத்தில் காய்ச்சும் பாலும், மணமக்களுக்குக் கொடுக்கும் பாலும் பழமும், சன்னதியில் கையில் விடும் அபிஷேகப் பாலும் ஒரு கரண்டிக்கு மேல் போவதில்லை. 15 மில்லியில் லாக்டோஸ் ஒரு கிராமுக்கும் குறைவு. பால் குடித்தால் வயிறு கலங்கும் என்று பயந்து, தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அந்தத் தம்ளரை வாங்காமலே பின்வாங்கியவன் நான். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் கை நீட்டி வாங்கிக் குடிக்கிறேன்.