வாயில சொல்றான், எழுத வரல: வீட்லயே கவனிக்கிறது எப்படி

"கேட்டா டக்கு டக்குனு சொல்றான் மிஸ், பேப்பர்ல ஒண்ணுமே எழுத மாட்றான்"னு எந்த அம்மா சொன்னாலும் நான் அந்த பையன கொஞ்சம் உத்து பாப்பேன். தண்டையார்பேட்டைல டியூசன் எடுக்குறேன், மார்க் கம்மினு வர்றவங்க நெறைய, ஆனா பேச்சும் புத்தியும் நல்லா இருந்து படிக்க, எழுத, கணக்கு போட மட்டும் தடுமாறுச்சுனா அது டிஸ்லெக்சியா (படிக்கிறதுல சிக்கல்), டிஸ்கிராஃபியா (எழுதுறதுல சிக்கல்), டிஸ்கால்குலியா (கணக்குல சிக்கல்) இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம். சோம்பேறித்தனம் கெடையாதுங்க, அடிச்சா சரியாவாது.

மொதல்ல பாட புக்க மூடி வைங்க. பசங்க பாடத்த மனப்பாடம் பண்ணி படிக்கிற மாதிரியே ஒப்பிச்சிடுவாங்க, நமக்கு தெரியாது. மசாலா பாக்கெட்டு, பஸ்ல இருக்குற "தங்கசாலை" போர்டு, பேப்பர்ல நாலு வரினு புதுசா எதாவது குடுங்க. மொத எழுத்த பாத்துட்டு மீதிய யூகிக்கிறானா, வரிய தாண்டி போறானா, கொம்பு கால் மாத்தி கெ, கே, கொ எல்லாம் ஒண்ணாக்குறானா, 'மரம்'ன 'ரமம்'னு எழுதுறானா, இதெல்லாம் ஒரு நாள் இல்ல, மாசக்கணக்கா தொடருதானு பாருங்க.

நம்ம ஏரியால 'வாயப்பயம்'னு தான் பேசுவோம், அதனால ழ, ள தப்பு வந்தா ஒடனே பயப்படாதீங்க, அது பெரியவங்களுக்கே வரும். அதே மாதிரி இங்கிலீஷ் மட்டும் வரல, தமிழ் சரளமா படிக்குதுனா பெரும்பாலும் பழக்கம் பத்தாதது தான். இங்கிலீஷ்ல b, d எழுத்த திருப்பி போடுறது ஆறேழு வயசு வரைக்கும் சகஜம்.

கணக்குக்கு கடைக்கு அனுப்புங்க. 34 ரூபா சாமானுக்கு 50 குடுத்து மிச்சம் கரெக்டா வாங்கிட்டு வந்து நோட்ல மட்டும் தப்பு பண்ணா கணக்கு புரியுது, சிக்கல் எழுதுறதுல இருக்கலாம்; அஞ்சாவது வந்தும் ஏழும் அஞ்சும் எவ்ளோனு வெரல் விட்டு எண்ணுனா சிக்கல் கணக்குலயே இருக்கலாம். அப்புறம் குடும்பத்துலயும் கேளுங்க, இது வழிவழியா வரலாம், அப்பாவுக்கும் சின்ன வயசுல இருந்திருக்கலாம், மனுசன் வாயே தொறக்க மாட்டாரு.

சந்தேகம் வந்துச்சுனா மொதல்ல கண்ணு, காது டெஸ்ட், ஏன்னா போர்டு தெரியாத புள்ளைய எத்தனையோ பேர் மக்குனு முடிவு பண்ணிட்றாங்க. அப்புறம் கிளாஸ் டீச்சர், அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இல்லனா எழும்பூர் கொழந்தைங்க ஆஸ்பத்திரில ஓபி சீட்டு போட்டு, சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் எங்க எடுக்குறாங்கனு கேளுங்க. ஐக்யூவும் பாப்பாங்க, படிக்க எழுத வெச்சும் பாப்பாங்க. இந்த குறைபாடு இருக்குனு சர்டிபிகேட் குடுக்குறது எட்டு வயசுக்கு அப்புறம் தான், ஆனா ஸ்பெஷலா சொல்லி குடுக்குறதுக்கு அது வரைக்கும் காத்திருக்க வேணாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இந்த மாதிரி படிக்க, எழுத, கணக்கு போட வர்ற குறைபாடும் சேந்துருக்கு. பத்தாவது, பன்னெண்டாவது பரிட்சைல எக்ஸ்ட்ரா டைம், சொல்ல சொல்ல எழுத ஆள் எல்லாம் கெடைக்கும், ஆனா பரிட்சை நேரத்துல ஓடுனா கெடைக்காது, ஹெட்மாஸ்டர் மூலமா முன்னாடியே எழுதி குடுத்துடணும்.

டெஸ்டுக்கு போறப்ப பழைய நோட்டு, ரேங்க் கார்டு எல்லாம் எடுத்துட்டு போங்க, நீங்க பக்கத்துல ஒக்காந்து அழிச்சு அழிச்சு எழுத வெச்ச நோட்டு வேணாம், ஸ்கூல்ல அவனே எழுதுன ரஃப் நோட்டு தான் வேணும்.