எஸ்கியூஎல் இன்டர்வியூவில் தடுமாற வைக்கும் பிழைக் கேள்விகள்: ஓட்டிப் பார்த்தே புரிந்துகொள்ளுங்கள்

வேலை தேடி பெங்களூருக்கு வந்து, மடிவாளா, பிடிஎம் லேஅவுட் பக்கம் பிஜியில் தங்கி இன்டர்வியூவுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லில், டேபிள்களை இணைக்கும் ஜாயின் கேள்விகளைச் சமாளித்துவிடுகிறவர்கள்கூட, பிழை கையாளும் கேள்விகளில் சறுக்குகிறார்கள். பிழையைப் பிடித்துவிட்டால் நடந்ததெல்லாம் தானாக ரத்தாகிவிடும் என்று நம்புவதுதான் சிக்கல். அப்படி ஆகாது. கீழே உள்ளதை மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.

படி 1: மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷனை நிறுவுங்கள், இலவசம்தான். பிஜி அறைகளுக்கு ஒரு டேபிள் போட்டு, அறை எண்ணை பிரைமரி கீ (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாத அடையாளம்) ஆக்குங்கள்.

படி 2: பிகின் டிரான் போட்டு (இதிலிருந்து ஒரு டிரான்ஸாக்‌ஷன், அதாவது ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் வேலைகளின் தொகுப்பு, தொடங்கும்) 101, மறுபடி 101, பிறகு 102 என மூன்று இன்சர்ட். கடைசியில் கமிட், அதாவது நிரந்தரமாகச் சேமிப்பது. பிழை வரக்கூடிய வரிகளை வைக்கும் டிரை, அந்தப் பிழையைப் பிடிக்கும் கேட்ச் எதுவும் வேண்டாம். டேபிளில் எத்தனை வரிசை இருக்கும்?

பலரும் பூஜ்யம் என்பார்கள். விடை 2. இரண்டாவது 101 மட்டும் 2627 என்ற பிழையோடு விழும். 102 உள்ளே போகும், கமிட்டும் ஆகும். பிழை வந்தால் முழு டிரான்ஸாக்‌ஷனையும் ரத்து செய்யும் எக்ஸாக்ட்_அபார்ட் (XACT_ABORT) என்ற அமைப்பு வழக்கமாக ஆஃபில் இருப்பதுதான் காரணம். டேபிளைக் காலி செய்து, அதை ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பூஜ்யம். போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸில் எந்த அமைப்பையும் தொடாமலே பூஜ்யம்தான் வரும், ஒரு பிழை வந்தாலே முழு டிரான்ஸாக்‌ஷனும் செல்லாது. அதனால் எந்த டேட்டாபேஸ் என்று கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். அது தயக்கம் இல்லை, தெளிவு.

படி 3: எக்ஸாக்ட்_அபார்ட்டை மறுபடி ஆஃப் செய்து, அதே வரிகளை டிரைக்குள் வையுங்கள். கேட்ச்சில் பிழைச் செய்தியை மட்டும் பிரின்ட் செய்யுங்கள். சிவப்பு எழுத்து வராது, எல்லாம் சரி என்று தோன்றும். திறந்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன்களின் எண்ணிக்கையைக் காட்டும் @@டிரான்கவுன்ட் பாருங்கள்: 1. டிரான்ஸாக்‌ஷன் இன்னும் திறந்தே கிடக்கிறது. வேறொரு விண்டோவில் அதே டேபிளை செலக்ட் செய்தால், வழக்கமான அமைப்பில் அது காத்துக்கொண்டே நிற்கும். நிஜ அப்ளிகேஷனில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். ரோல்பேக் (நடந்ததை ரத்து செய்வது) கொடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: எக்ஸாக்ட்_அபார்ட் ஆன், டிரையும் உண்டு. கேட்ச்சில் பிழையை, பிழைகளைக் குறித்து வைக்கும் ஒரு லாக் டேபிளில் இன்சர்ட் செய்து, அதன் பிறகு ரோல்பேக் செய்தால்? லாக் இன்சர்ட்டே 3930 என்ற பிழையோடு விழும். டிரான்ஸாக்‌ஷனின் நிலையைச் சொல்லும் எக்ஸாக்ட்_ஸ்டேட் அப்போது -1, அதாவது இனி ரோல்பேக் மட்டுமே முடியும், எதையும் எழுத முடியாது. எனவே முதலில் ரோல்பேக், அப்புறம் லாக். கேட்ச்சை விட்டு வெளியேறும்வரை பிழைச் செய்தி எங்கும் போய்விடாது, பயப்படவேண்டாம்.

படி 5: டிரைக்குள், இல்லாத ஒரு டேபிளை செலக்ட் செய்யுங்கள். கேட்ச் பிடிக்காது! அந்த வரியைக் கம்பைல் செய்யும்போதே 208 என்ற பிழை வருவதால் அதே மட்டத்தில் உள்ள கேட்ச்சுக்கு அது தெரியாது. அதே வரியை, டெக்ஸ்டாகக் கொடுத்ததைத் தனியாக ஓட்டும் எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல் வழியாக ஓட்டினால் பிடித்துவிடும்.

நாமே பிழையை எழுப்பும் ரெய்ஸ்எரரில் தீவிரம் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் அது வெறும் தகவல், கேட்ச்சுக்குப் போகாது. இது அடிக்கடி வரும் ஒரு வரிக் கேள்வி.

படி 6: எக்ஸாக்ட்_அபார்ட்டை ஆஃப் செய்துவிட்டு, கேட்ச்சில் ரோல்பேக் டிரான், அடுத்த வரியில் பிடித்த பிழையை மீண்டும் எழுப்பும் த்ரோ. 2012 பதிப்பில் வந்த இந்த த்ரோவுக்கு முந்தைய வரி அரைப்புள்ளியோடு முடியவேண்டும். விட்டுவிட்டால் த்ரோ என்பதை ஒரு டிரான்ஸாக்‌ஷனின் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று 6401 பிழை வரும். ரோல்பேக்கும் நடந்திருக்காது. அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஒரு தடவை, வைத்து ஒரு தடவை ஓட்டி, இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.