ஸ்டாலின் விவாதத்தைப் படிப்பு வட்டத்தில் நடத்துவது எப்படி?

ஸ்டாலின் பெயரை எடுத்தால் பத்தாவது நிமிடத்தில் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒருவர் 1937இன் களையெடுப்பைச் சொல்வார், இன்னொருவர் ஹிட்லர் படையை முறியடித்த ஸ்டாலின்கிராடைச் சொல்வார். இரண்டும் நடந்தவைதான், ஆனால் ஒன்றுக்கொன்று பதில் ஆகாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதை வைத்து இன்றைக்கு என்ன நிலைப்பாடு என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் பேசுவதால் வருகிற வினை இது. மூன்றையும் பிரித்து வைத்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பத்துப் பன்னிரண்டு பேர், வாரம் ஒன்றாக நான்கு அமர்வுகள், அமர்வுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒவ்வொரு ஆவணத்தையும் அதை ஏற்காத தோழர்தான் அறிமுகம் செய்ய வேண்டும். ஸ்டாலினுக்குப் பிறகு சோவியத் கட்சித் தலைவரான குருஷேவ் அவரைக் கண்டித்து ஆற்றிய உரையை ஸ்டாலின் ஆதரவாளரும், சீனக் கட்சியின் பதிலை அதை மறுப்பவரும் எடுத்துவைக்கட்டும். தனக்குப் பிடித்ததை அறிமுகம் செய்பவர் பாதி நேரம் வழக்கறிஞர் ஆகிவிடுவார்.

சுவரில் ஒரு சார்ட் தாள் ஒட்டி நான்கு பத்தி போடுங்கள்: தேதி, யார் யாருக்குச் சொன்னது, ஸ்டாலினைப் பற்றி என்ன சொல்கிறது, அதே சமயத்தில் வேறு எதற்காகச் சண்டை. கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள், விடாதீர்கள். இந்த இயக்கத்தில் ஸ்டாலினைப் பற்றிய எந்தப் பெரிய ஆவணமும் ஸ்டாலினுக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை.

முதல் அமர்வுக்கு இரண்டு பிரதிகள். ஒன்று, லெனின் 1922 டிசம்பரில் சொல்லி எழுதவைத்த மாநாட்டுக் கடிதமும், ஸ்டாலினைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து மாற்ற யோசிக்கச் சொல்லும் 1923 ஜனவரி 4 பின்குறிப்பும். சில பக்கங்கள்தான், முழுவதும் வாசிக்கலாம். மற்றொன்று 1956 பிப்ரவரி 25இல் சோவியத் கட்சியின் இருபதாவது காங்கிரசின் (மாநாட்டின்) மூடிய அமர்வில் குருஷேவ் ஆற்றிய உரை. பேசவே சுமார் நான்கு மணி நேரம் பிடித்த உரை. முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் யாரும் படித்துவிட்டு வரமாட்டார்கள். 1934ஆம் ஆண்டின் பதினேழாவது காங்கிரஸ் பற்றிய பகுதி, போர்ப் பகுதி, முடிவுரை ஆகிய மூன்று துண்டுகள் போதும்.

"இது அமெரிக்கா தயாரித்த போலி" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். உரையை 1956 ஜூன் 4இல் வெளியிட்டது அமெரிக்க வெளியுறவுத் துறைதான், சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் 1989இல் சோவியத் கட்சியின் மத்தியக் குழு இதழிலேயே அது அச்சாகிவிட்டது. உரை உண்மையானது என்பதால் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்று ஆகிவிடாது. ஸ்டாலின் உலக உருண்டையை வைத்துக்கொண்டு போர் நடத்தினார் என்பதை, அவருடன் வேலை செய்த தளபதிகளே பின்னாளில் மறுத்தார்கள்.

உரையில் இல்லாததையும் பட்டியலிடச் சொல்லுங்கள். கட்சிக்குள் நடந்த கொடுமைகளை 1934க்குப் பிறகிலிருந்துதான் அது கணக்கெடுக்கிறது. கூட்டுப்பண்ணைக் காலத்துப் பஞ்சம் இல்லை. ஸ்டாலின் காலத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மூத்த தலைவர் புகாரின் குற்றமற்றவர் என்ற அறிவிப்பு இல்லை, அது 1988 வரை காத்திருந்தது. மாஸ்கோவிலும் உக்ரைனிலும் பொறுப்பில் இருந்த குருஷேவின் சொந்தப் பங்கும் இல்லை.

இரண்டாம் அமர்வு 1956இன் எதிர்வினைகள்: சீனக் கட்சி நாளேடான மக்கள் தினசரியின் ஏப்ரல் 5 தலையங்கம், ஜூன் 30 சோவியத் மத்தியக் குழுத் தீர்மானம், இத்தாலியத் தலைவர் தோக்லியாத்தியின் பேட்டி. நேரம் குறைந்தால் தோக்லியாத்தியை மட்டும் எடுங்கள். முன்பு நல்லதெல்லாம் ஒரு மனிதரின் மேன்மையால் நடந்தது என்றோம், இப்போது கெட்டதெல்லாம் அவருடைய குறைகளால் நடந்தது என்கிறோம், இதில் மார்க்சியம் எங்கே என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். "ஏன்" என்ற இரண்டாவது கேள்வியை இத்தனை சுருக்கமாக வேறு யாரும் வைக்கவில்லை என்பது எங்கள் கருத்து.

மூன்றாம் அமர்வுதான் சூடானது. சோவியத், சீனக் கட்சிகளுக்கு இடையே நடந்த மாபெரும் விவாதத்தில் சீனத் தரப்பு வெளியிட்ட ஒன்பது விமர்சனங்களில் இரண்டாவது, 1963 செப்டம்பர் 13இல் வந்த 'ஸ்டாலின் பிரச்சினை குறித்து'. அதை ஜூலை 14 சோவியத் பகிரங்கக் கடிதத்துடன் சேர்த்தே படிக்க வேண்டும். நான்காவது பத்தியில் எழுத நிறைய இருக்கும்: 1960இல் சோவியத் நிபுணர்கள் சீனாவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டது, 1961இல் ஸ்டாலின் உடல் லெனின் சமாதியிலிருந்து அகற்றப்பட்டது, 1963 ஆகஸ்டில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம்.

இங்கே ஒரு பயிற்சி. பதினேழாவது காங்கிரஸ் தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவின் உறுப்பினர்களும் மாற்று உறுப்பினர்களுமான 139 பேரில் 98 பேர் கைதுசெய்யப்பட்டுச் சுடப்பட்டார்கள் என்கிறார் குருஷேவ். எதிர்ப்புரட்சியாளரை ஒடுக்கும் வேலையில் நிரபராதிகளும் தண்டிக்கப்பட்டனர், 1937, 1938இல் ஒடுக்குமுறையின் வீச்சை விரித்துவிட்ட தவறு நேர்ந்தது என்கிறது சீன ஆவணம். இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிவைத்து, இவை எதில் ஒத்துப்போகின்றன என்று முதலில் கேளுங்கள். தவறு நடந்ததை சீனக் கட்சியும் மறுக்கவில்லை. தகராறு அதன் அளவிலும், அதைச் சொல்லும் தகுதி யாருக்கு என்பதிலும்தான்.

"எழுபது சரி, முப்பது தவறு" என்பது இந்த அமர்வில் தவறாமல் தலைகாட்டும். 1956 ஏப்ரலில் பத்துப் பெரிய உறவுகள் பற்றிய உரையில் மாவோ சொன்னது அது. எதை எடைபோட்டு வந்த கணக்கு என்று கேட்டால் பதில் கிடைக்காது. அது ஓர் அரசியல் தீர்ப்பு. சதவீதத்தைக் கூட்டியும் குறைத்தும் பேரம் பேச ஆரம்பித்தால் அமர்வை நடத்துபவர் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கடைசி அமர்வின் முதல் பாதி எண்களுக்கு. நான்கு தனி வரிகள் போடுங்கள்: மரண தண்டனை, முகாம், நாடுகடத்தல், பஞ்சம். கலந்தால் எந்த எண்ணும் சொல்லலாம், சொல்கிறார்கள். சோவியத் பாதுகாப்புத் துறையின் பதிவின்படி 1937–38இல் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர். 1921 முதல் 1953 வரை எதிர்ப்புரட்சிக் குற்றங்களுக்காக மரண தண்டனை பெற்றவர்கள் 7,99,455 பேர். இவை அலுவலகப் பதிவுகள், விசாரணையில் இறந்தவர்கள் இதில் அடங்கமாட்டார்கள். 1953 தொடக்கத்தில் முகாம்களிலும் சிறைத் தொழிலாளர் காலனிகளிலும் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம். அது ஒரு நாளின் கணக்கு. மொத்தம் உள்ளே போய்வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

மறுபாதி நம் பக்கத்துக்கு. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஸ்டாலினால் உடைந்தது என்று சொல்ல விடாதீர்கள். 1964 ஏப்ரல் 11இல் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், பி. ராமமூர்த்தியும் என். சங்கரய்யாவும் அவர்களில் உண்டு. காங்கிரஸ் அரசை எப்படி மதிப்பிடுவது, 1962 எல்லைப் போர், கட்சித் தலைவர் டாங்கே பிரிட்டிஷ் ஆட்சிக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் ஆகியவைதான் அங்கே முன்னால் நின்றன. 1968 பர்த்வான் பிளீனத்தில் (சிறப்பு மாநாட்டில்) மார்க்சிஸ்ட் கட்சி மாஸ்கோ, பீகிங் இரண்டோடும் ஒத்துப்போகாமல் தனி ஆவணம் வைத்தது. சோவியத் கலைந்த கையோடு 1992 ஜனவரியில் சென்னையில் நடந்த அதன் பதினான்காவது மாநாடும் இந்தக் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

வட்டத்தில் இலங்கைத் தோழர்கள் இருந்தால் 1956இலிருந்து தொடங்காதீர்கள். அங்கே ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கியின் வழியில் சென்ற லங்கா சமசமாஜக் கட்சி 1940லேயே மாஸ்கோ ஆதரவாளர்களை வெளியேற்றிவிட்டது. அவர்கள்தான் 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டினார்கள். அந்தக் கட்சி 1960களின் தொடக்கத்தில் பிளந்தபோது பீகிங் அணிக்குத் தலைமை தாங்கியவர் சண்முகதாசன்.

தொகுப்புரையில் வாக்கெடுப்பு வேண்டாம். மினிட்ஸில் மூன்று தலைப்பு போட்டு, உடன்பட்ட தகவல்கள், உடன்படாத விளக்கங்கள், இன்னும் ஆதாரம் தேட வேண்டியவை என்று எழுதிக்கொள்ளுங்கள். தேதி சொல்லாமல் யார் மேற்கோள் காட்டினாலும், அவர்களுடைய பெயருடன் அது மூன்றாவது தலைப்பின் கீழ் போகட்டும்.