முதல் சொகுசுக் கப்பல் பயணம்: கேபினைத் தேர்ந்தெடுக்கும் முன்

உறவினர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் முதன்முறையாகப் பயணம் செய்ய எண்ணுபவர்கள், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் கப்பலின் தள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அலையின் ஆட்டம் முன்முனையிலும் பின்முனையிலும் மேல்தளங்களிலும் மிகுதியாக உணரப்படும் என்பதால், தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகே உள்ள கேபினே ஏற்றது. அது ஜன்னல் இல்லாத உள்கேபினாக இருந்தாலும், ஆட்டம் மிகுந்த பால்கனி கேபினைவிட மேல் என்பதே என் கருத்து. மேலும் கீழும் பயணிகளின் கேபின்களே உள்ள தளம் அமைதியாக இருக்கும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே தங்கினால், அதிகாலையிலேயே நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கக்கூடும்.

நால்வர் கேபின் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் இரண்டு படுக்கைகள் ஏணி வைத்து ஏறும் மேல்படுக்கைகளாக இருக்கும் என்பதைப் பலர் கப்பலில் ஏறிய பிறகே அறிகிறார்கள். கேபின் எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தைக் குழுவாகச் செல்வோர் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு தளங்களில் சிதறிவிட நேரலாம். சைவ உணவு தேவை என்பதையும், இரவு உணவுக்கு அருகருகே மேசைகள் வேண்டும் என்பதையும் முன்பதிவின்போதே தெரிவித்துவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் பயண முடிவில் மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டியிருப்பதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. ஒப்படைத்த பெரிய பெட்டிகள் கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். மருந்துகள், கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும்.