தசைக்குள் சீழ்: சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

தொடையிலோ பிட்டத்திலோ வலி, கூடவே லேசான காய்ச்சல். பலரும் இதைச் சுளுக்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பாக்டீரியா தசையைத் தாக்கும்போது நேரும் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. சுளுக்கினால் காய்ச்சல் வராது. வலியும் காய்ச்சலும் சேர்ந்து, வலி நாளுக்கு நாள் ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தோலில் வரும் கட்டி சிவந்து பழுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தசைக்குள் இருப்பது அப்படியல்ல. மேலே உறுதியான சவ்வு மூடியிருப்பதால் முதல் சில நாட்களுக்குத் தோல் இயல்பாகவே தெரியும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மரக்கட்டை போல இறுகியிருக்கும். நோயாளி வலியில் காலை இழுத்துக்கொள்வார். சீழ் திரள்வது பெரும்பாலும் நோய் தொடங்கி 10 முதல் 21 நாட்களுக்குள். ஆகவே "சிவப்பு இல்லை, வீக்கம் மெத்தென்று இல்லை, தொற்றாக இருக்காது" என்று முடிவுகட்டக் கூடாது. தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை இயல்பாக வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. இந்த நோயில் அது பல சமயம் இயல்பாகவே இருக்கும். அல்ட்ராசவுண்ட் உதவும், தொடக்க நிலையையும் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான். அதுவரை அந்த இடத்தை உருவிவிடுவதும், அதே தசையில் ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

அடிவயிற்றின் பின்புறம் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் சோவாஸ் தசையில் சீழ் பிடித்தால் இன்னும் குழப்பம். நோயாளி இடுப்பை மடக்கியே படுத்திருப்பார், காலை நீட்டினால் துடிப்பார். இடுப்பு மூட்டு என்றும் குடல்வால் என்றும் தேடி நாட்கள் போய்விடும். முதுகெலும்புக் காசநோயும் இங்கே சீழாக இறங்கலாம். எடுத்த சீழைக் காசநோய்க்குப் பரிசோதிக்காமல் விட்டால், சாதாரண ஆன்டிபயாடிக் எத்தனை வாரம் கொடுத்தும் பலன் இராது.

சீழ் திரளும் முன் மருந்து மட்டுமே போதும். திரண்ட பிறகு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பது வீண். ஸ்கேன் வழிகாட்டலில் குழாய் வைத்தோ அறுவை செய்தோ அதை வெளியேற்ற வேண்டும். இன்னொரு தவறு, கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அடையாளம் காணும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுக்காமலேயே ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது. ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவருக்கு எதற்காகவும் மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

பெரும்பாலான நோயாளிகளில் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத வகையோ என்ற ஐயத்தில் வான்கோமைசின் தொடங்குவது சரிதான். கட்டுப்படும் வகை என்று முடிவு வந்த பிறகும் 'பலமான மருந்து' என்று அதையே தொடர்வது தவறு. அங்கே குளோக்சசிலினோ செஃபாசோலினோ மேல்.

தசையை வேகமாக அழுகவைத்து உள்ளே வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாத் தொற்றான வாயு அழுகல் நோய் (கேஸ் கேங்கிரீன்) வேறு வகை. அங்கே நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். காயத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, வெண்கல நிறமேறும் தோல், விரலுக்கடியில் நறநறப்பு: இவற்றைக் கண்டும் ஸ்கேனுக்காகக் காத்திருப்பது உயிரைப் பறிக்கும். செத்த தசையை உடனே வெட்டி நீக்க வேண்டும். பென்சிலினுடன், நச்சு உற்பத்தியை அடக்கும் கிளிண்டமைசினும் தர வேண்டும். காயத்தை உடனே தையலிட்டு மூடக் கூடாது. உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்காக அறுவையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து.

தசைச் சீழுக்கு மருந்து பொதுவாக 3 முதல் 4 வாரம் தேவைப்படும். வலி குறைந்ததும் நிறுத்தினால் நோய் திரும்பலாம். சீழை எடுத்த பிறகும் ஓரிரு நாளில் காய்ச்சல் தணியவில்லை என்றால், வேறொரு தசையில் சீழ் இருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்திருந்தால் இதய வால்வுகளுக்கு எக்கோவும், இதுவரை சர்க்கரை நோய், எச்ஐவி பரிசோதனை செய்யாதவருக்கு அவையும் அவசியம்.